ஆவாரை வளர்ப்பு: விதை முதல் தேநீர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவாரம்பூத் தேநீர் குடிக்கத் தொடங்கியவர்கள் கொஞ்ச நாளில் செடியையே வீட்டில் வைக்க ஆசைப்படுகிறார்கள். தரிசில் யாரும் சீந்தாமலே மண்டிக் கிடக்கும் செடி, ஆசையாக வளர்க்கப் போனால் முரண்டு பிடிக்கிறது. விதை முளைக்கவில்லை, நாற்று செத்துவிட்டது, பூ கறுத்துவிட்டது என்ற மூன்றும்தான் அதிகம் காதில் விழுபவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறோம்.

1. ஆவாரை, ஆவிரை, ஆவாரஞ்செடி... எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றுதான். ஆவிரை என்பது பழைய இலக்கியப் பெயர். தாவரவியலில் இப்போது சென்னா ஆரிகுலாட்டா. கொஞ்சம் பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலாட்டா என்று இருக்கும். தெலுங்கில் தங்கேடு. தெலங்கானாவின் மாநில மலரும் இதுதான், அங்கே பதுகம்மா பண்டிகைக்கு அடுக்குவதும் இதைத்தான். சிங்களத்தில் ரணவரா. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துச் செருகுகிறோமே, அந்த மஞ்சள் பூ.

2. ரோட்டோரம் மஞ்சளா பூக்குறது எல்லாமே ஆவாரைதானே? எப்படி உறுதி பண்றது?

இல்லை. இந்தக் கேள்வியில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் குடிப்பதற்காக வளர்க்கிறீர்கள். பூவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இந்தச் சென்னா இனத்தில் பெரும்பாலான செடிகளுக்கு ஐந்து மஞ்சள் இதழ்தான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே காது மடல் போல அகலமான பச்சைச் செதில் இரண்டு, தண்டைத் தழுவியபடி நிற்கும். ‘ஆரிகுலாட்டா’ என்ற பெயரே அந்தக் காதால் வந்தது. அடுத்து, ஒரே காம்பில் எதிரெதிராக 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குண்டூசி முனை போல ஒரு சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். காய் தட்டையாக, விரல் நீளத்தில், முற்றினால் பழுப்புக் காகிதம் போலச் சரசரக்கும்.

பேயாவரையில் சிற்றிலை பெரியது, நுனி கூரானது, 4 முதல் 6 ஜோடிதான் இருக்கும்; கசக்கினால் துர்நாற்றம் வரும். அதன் விதை நஞ்சு. தகரையில் மூன்றே ஜோடி. வண்டுகொல்லி என்கிற சீமை அகத்தியின் பூங்கொத்து மெழுகுவத்தி போல நேராக நிற்கும். சரக்கொன்றை மரம், அதன் பூ சரமாகத் தொங்கும். நிலாவரையும் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் அது பேதி மருந்துச் செடி. ஆவாரைக்குப் பதில் அதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் வயிறு போகும். காதுச் செதில் இல்லையென்றால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

3. நர்சரியில கேட்டா சிரிக்கிறாங்க. விதை எங்க கிடைக்கும்?

வனத்துறை நாற்றங்கால்களிலும் மூலிகைப் பண்ணைகளிலும் நாற்றே கிடைப்பதுண்டு. ஆனால் விதை எடுப்பது அதைவிட எளிது. பூத்து முடித்த செடியில் காய் பச்சையிலிருந்து பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை உருளும் சத்தம் கேட்கும் சமயத்தில் பறியுங்கள். தைப்பொங்கல் நேரத்துப் பூ பங்குனி, சித்திரை வாக்கில் இப்படி முற்றிவிடும். ஒரு காயில் ஏறக்குறைய 12 முதல் 20 விதை இருக்கும். வெந்தயத்தைவிடப் பெரிது, தட்டை, பழுப்பு நிறம்.

ஒவ்வொரு விதையையும் கையில் வைத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை இருந்தால், காய் வண்டு உள்ளிருந்து தின்றுவிட்டு வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். அது முளைக்காது. ஓட்டை விதைகளோடு நல்ல விதையைச் சேர்த்து மூடி வைத்தால், இன்னும் வெளியே வராத வண்டுகள் டப்பாவையே காலி செய்துவிடும். அன்றைக்கே பிரித்தெடுத்து, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் போடுங்கள். ஓடு கெட்டியான விதை என்பதால் உலர்வாக இருந்தால் சில வருடங்கள் உயிரோடு இருக்கும்.

4. விதை போட்டு ஒரு மாசம் ஆச்சு. தண்ணியும் ஊத்துறேன். ஒண்ணுமே முளைக்கல, ஏன்?

விதையைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் போட்டபடியே கல்லு மாதிரி இருக்கும். ஆவாரை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. இயற்கையில் வெயில், மழை, மண் உராய்வு என்று மாதக் கணக்கில் அடிபட்டுத்தான் அந்தத் தோல் இளகும். ஒரே மழைக்கு எல்லா விதையும் முளைத்து, அடுத்த வறட்சியில் ஒட்டுமொத்தமாகச் சாகாமல் இருக்க அந்தச் செடிக்கு வாய்த்த ஏற்பாடு அது. நாம் செய்ய வேண்டியது, அந்தத் தோலில் தண்ணீர் போக ஒரு வழி விடுவது.

பத்து இருபது விதைதான் என்றால் உப்புத்தாள் போதும். விதையின் கூரான முனையில்தான் முளை இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தொடாமல், எதிர்ப்பக்க ஓரத்தை நாலைந்து தடவை தேயுங்கள். பழுப்பு போய் உள்ளே வெளிறிய நிறம் துளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கிள்ளினாலும் இதே வேலைதான். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். ஏற்கெனவே மண்ணில் போட்ட விதை கெடாமல் இருந்தால் அதையும் கழுவி இப்படியே செய்யலாம், வீணாகவில்லை.

5. நிறைய விதை இருக்கு, ஒவ்வொண்ணா தேய்க்க முடியாது. கொதிக்கிற தண்ணியில போட்டா வெந்துடாதா?

அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வெந்துதான் போகும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, நாலைந்து நிமிடம் ஆறவிடுங்கள். ஏறத்தாழ 80 டிகிரிக்கு இறங்கியிருக்கும். விதையின் அளவுக்கு ஐந்து மடங்கு தண்ணீர் எடுத்து, விதையைப் போட்டுக் கிளறி, அப்படியே ஆறவிட்டு 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள்.

மறுநாள் பாத்திரத்துக்குள் இரண்டு வகை தெரியும். தண்ணீர் குடித்த விதை ஏறக்குறைய இரட்டிப்பாக ஊதி, தோல் மெத்தென்று, நிறம் வெளிறி இருக்கும். குடிக்காதது பழையபடி கெட்டியாக இருக்கும். ஊதியதை அன்றே விதையுங்கள், தள்ளிப்போட்டால் அழுகும். ஊதாததற்கு மறுபடி வெந்நீர்ப் பக்குவம் செய்யலாம், அல்லது அவற்றை மட்டும் 4ஆம் கேள்வியில் சொன்னபடி தேய்க்கலாம். இந்தப் பிரிப்பைத்தான் பலர் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக விதைத்துவிட்டு ‘பாதி முளைக்கல’ என்கிறார்கள்.

6. எந்த மண்ணுல, எவ்வளவு ஆழத்துல போடணும்?

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவை மட்டும் நிரப்ப வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்தச் செடிக்கு அது ஆகாது. ஆழம் ஒரு சென்டிமீட்டர். விதைத்த 5 முதல் 15 நாளுக்குள் முளைத்துவிடும்.

தட்டில் விதைத்துப் பிடுங்கி நடுவதைவிட, நேரடியாகப் பையில் பைக்கு இரண்டு விதை வீதம் போடுவது நல்லது. ஆவாரை முதலில் வேரைத்தான் விடும்: மேலே நாலு இலை வரும்போது கீழே ஆணிவேர் பையின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் அகலமான பையைவிட உயரமான பைதான் இதற்குத் தோது. இரண்டும் முளைத்தால் நலிந்ததைக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

7. நல்லா முளைச்சு வந்துச்சு, திடீர்னு அடித்தண்டு நூல் மாதிரி ஆகி சாயுது.

நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூசணம், ஈரம் அதிகமானால் தண்டின் அடியைத் தின்றுவிடும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம். பைகளை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள், அதுவும் காலையில். நெருக்கமாக அடுக்கியிருந்தால் இடைவெளி விடுங்கள். அடுத்த முறை கலவையில், நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி கலந்த தொழு உரம் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

முளைத்த நாளிலிருந்தே ஆவாரைக்கு வெயில் வேண்டும். பச்சை நிழல்வலைக்குள் வைத்தால் தண்டு நீண்டு மெலிந்து, தானாகவே சாயும். அதையும் நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

8. விதை வேண்டாம், செம்பருத்தி மாதிரி குச்சி ஒடிச்சு நட்டா வராதா?

வரலாம், ஆனால் நம்பி இறங்கக் கூடாது. செம்பருத்தி, முருங்கை போலச் சுலபமாக வேர்விடும் இனமில்லை இது. குச்சி இருபது நாள் பச்சையாகவே நிற்கும், துளிர்கூட விடும். தண்டில் சேர்ந்திருந்த சத்து தீர்ந்ததும் வாடிவிடும். துளிர்ப்பதை வேர்விட்டதாக எண்ணிக் குச்சியை இடம் மாற்றிக் கொன்றுவிடாதீர்கள்.

குறிப்பிட்ட ஒரு செடியே வேண்டும், அது நிறையப் பூக்கிறது என்றால் முயன்று பார்க்கலாம். பென்சில் கனத்தில், பச்சையும் இல்லாமல் முற்றிய கட்டையும் இல்லாமல் இடைப்பட்ட கிளையில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வெட்டுங்கள். பூ, மொட்டு, அடி இலை எல்லாம் நீக்கி, நுனியில் இரண்டு இலையை மட்டும் பாதியாக நறுக்கி விடுங்கள். அடியில் வேர்விடும் ஹார்மோன் பொடி தொட்டு, மணல் நிரப்பிய தொட்டியில் நட்டு, பாலித்தீன் உறையால் மூடி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இருபது குச்சி வைத்துச் சில பிழைத்தால் சரி என்ற மனநிலை வேண்டும். விதைச் செடிக்கு இருக்கும் ஆணிவேர் இதற்கு வராது. ஆகவே மானாவாரி நிலத்துக்கு விதைக் கன்றுதான் பொருத்தம்.

9. காட்டுல நூறு செடி நிக்குது. ஒண்ணைத் தோண்டி எடுத்துட்டு வந்து நட்டா?

முட்டி உயரச் செடிக்கே ஆணிவேர் அதைவிட ஆழம் போயிருக்கும். தோண்டும்போது வேர் அறும், செடி நாலு நாளில் வாடும். விரல் நீளக் கன்றை மழைக்காலத்தில் மண்கட்டியோடு எடுத்தால் பிழைக்கலாம். பெரிய செடியைத் தொடாதீர்கள், விதையை மட்டும் எடுத்து வாருங்கள்.

10. எந்த மாசம் நடணும்? இடைவெளி எவ்வளவு?

தமிழ்நாட்டில் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு. ஆடியில் பையில் விதைத்தால் ஐப்பசியில் கன்று 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் நடத் தயாராக இருக்கும். மழை மண்ணில் இறங்கிய பிறகு நடுங்கள். மார்கழி வரைக்கும் செடிக்குத் தானாக ஈரம் கிடைக்கும், வேர் கீழே போய்விடும். பைக்கு வெளியே வேர் எட்டிப் பார்க்கும்வரை விட்டால் அது உள்ளேயே சுருண்டிருக்கும். அப்படியானால் நடும்போது அடிச் சுருளை மட்டும் கத்தரித்துவிடுங்கள். நிறைய இடம் இருந்தால், பக்குவம் செய்த விதையை நேரடியாக நிலத்தில் குழிக்கு மூன்று நான்கு வீதம் ஊன்றுவது எல்லாவற்றிலும் மேல்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. பூவுக்கென்றால் செடிக்குச் செடி 4 முதல் 5 அடி, வேலியோரம் என்றால் 2 அடி. சரளை, செம்மண், சுக்கான் மண், கொஞ்சம் உவர் தட்டிய மண் எல்லாவற்றிலும் வரும். கரிசலிலும் வரும், ஆனால் மழையில் தண்ணீர் தேங்கும் கரிசல் என்றால் ஓர் அடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். ஆடு மாடு சாதாரணமாக இதை மேயாது. வேலி இல்லாத மானாவாரி நிலத்துக்கு இது பெரிய சௌகரியம்.

11. மாடியில தொட்டியில வளருமா?

வளரும். வாயகலமும் ஆழமும் ஒன்றரை அடிக்குக் குறையாத தொட்டி, அடியில் தாராளமான துளைகள், நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மண்கலவை 6ஆம் கேள்வியில் சொன்னதேதான். மூன்று நான்கு அடிக்கு மேல் போகவிடாமல் நறுக்கிக்கொண்டே இருங்கள். மூன்று செடி இருந்தால் சீசனில் ஒரு வீட்டுக்கு அவ்வப்போது போட்டுக் குடிக்கக் கிடைக்கும். வருடம் முழுக்கச் சேமிக்கும் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

12. தினமும் தண்ணி ஊத்துறேன், ஆனாலும் இலை மஞ்சளாகி உதிருது. சத்து குறைவா?

தண்ணீர் அதிகம். ஆவாரையைப் பராமரிக்கிறேன் என்று கொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீரால்தான் கொல்கிறார்கள். ஈரம் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் மேலே பார்த்தால் தாகத்தில் வாடியது போலவே தெரியும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம்.

இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். நிலத்தில் நட்ட செடிக்கு முதல் வருடம் மழை இல்லாத நாட்களில் வாரம் ஒரு முறை; இரண்டாம் வருடத்திலிருந்து மழையே போதும். கோடையிலும் பூ வேண்டும் என்றால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை நன்றாக நனைய விடுங்கள். தொட்டியில் இருந்தால் கீழே வைத்த தட்டை எடுத்துவிடுங்கள்.

13. உரம் என்ன போடணும்? பயறு குடும்பம்தானே, தானே தழைச்சத்து எடுத்துக்காதா?

அவரை, துவரையின் குடும்பம்தான். ஆனால் வேர்முடிச்சு போட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பழக்கம் இந்தச் சென்னா இனத்துக்கு இல்லை. அதனால் வேர்முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியம் வாங்கிப் போடுவது வீண் செலவு. நடும்போது குழிக்கு இரண்டு கிலோ மக்கிய தொழு உரம், பிறகு வருடம் ஒரு முறை மழைக்கு முன் அதே அளவு, அவ்வளவுதான். யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகப் பொங்கும், பூ பின்தங்கும்.

14. மூணு வருஷம் ஆச்சு. ஆள் உயரம் வளர்ந்திருக்கு, பூ ரொம்பக் கம்மி.

முதலில் வெயிலைப் பாருங்கள். தென்னை நிழலிலோ சுவரோரமோ நின்றால் எவ்வளவு உரம் போட்டாலும் பூ வராது. தண்ணீரும் உரமும் அதிகமா என்று 12, 13ஐப் பாருங்கள். அவை சரியென்றால் மிச்சம் கவாத்துதான், அதாவது கிளையை நறுக்கிவிடுவது.

ஆவாரை கிளையின் நுனியிலும் நுனியை ஒட்டிய இலைக்கணுக்களிலும் பூக்கும். நாலே கிளை நெட்டையாகப் போனால் நாலு நுனிதான். கன்று ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் வரும். அவை ஓர் அடி வந்ததும் மறுபடி கிள்ளுங்கள். இரண்டு தடவை கிள்ளிய செடி இரண்டாம் வருடமே குடை மாதிரி பரந்து பூக்கத் தொடங்கும். கிள்ளாமல் விட்ட வளர்ந்த செடியை என்ன செய்வது என்று அடுத்த கேள்வியில் பாருங்கள்.

15. வளர்ந்த செடியை எவ்வளவு வெட்டலாம்? செத்துடாதா?

சாகாது. வெட்டினால் துளிர்ப்பதுதான் இதன் குணம். தோல் பதனிடப் பட்டை எடுத்த காலத்தில் தரையை ஒட்டி வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்டு மறுபடி வெட்டினார்கள். நெல் வயலுக்குத் தழை உரமாகவும் ஒடித்துப் போடுவதுண்டு, அதற்கும் தாங்குகிறது.

வருடாந்தரக் கவாத்து, பூ ஓய்ந்த பிறகு மழைக்கு முன்னால். சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், காய்ந்த கிளையையும் உள்பக்கம் குறுக்கே ஓடும் கிளையையும் எடுங்கள். அடி வெறுங்கட்டையாகி உச்சியில் மட்டும் பூக்கும் பழைய செடியைத் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு ஒரேயடியாக அறுக்கலாம், பக்கத்திலிருந்து புதிதாகத் துளிர்க்கும். புரட்டாசிக்கு மேல் வெட்டாதீர்கள், மழைக்குப் பிறகு வரும் பெரிய பூப்பை நீங்களே வெட்டிப் போட்டதாகிவிடும்.

16. பச்சைப் புழு இலையை மொட்டையடிச்சிடுச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?

அது பெரும்பாலும் வெளிறிய பச்சையும் வெள்ளையுமான ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. அது முட்டையிடுவதே ஆவாரை, கொன்றை வகைச் செடிகளில்தான். வளர்ந்த செடி மொட்டையானாலும் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும், அதற்கு ஒன்றுமே செய்யத் தேவையில்லை. கன்றுகளில் மட்டும் கையால் பொறுக்கி வளர்ந்த செடியில் விடுங்கள்.

மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் வேறு கதை. நுனி சுருங்கும், மொட்டு கருகும், எறும்பு ஏறும். பலமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். போகவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். பூ பறிக்கும் பருவத்தில் அதையும் தவிர்ப்பது நல்லது, கசப்பு பூவில் ஒட்டிக்கொள்ளும். ரசாயன மருந்தைக் குடிக்கும் பூவில் அடிக்கவே கூடாது.

17. மொட்டா பறிக்கணுமா, மலர்ந்ததா?

அன்று விரிந்த பூவும், விரியும் தறுவாயில் மஞ்சள் தெரியும் மொட்டும். பச்சை மொட்டில் துவர்ப்பு தூக்கல். நேற்றைய பூ நிறம் வெளிறி, தொட்டால் இதழ் உதிரும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் பறியுங்கள். கூடையில் பறியுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். காம்பைக் கிள்ளிவிட்டு, வெள்ளைத் துணியில் பத்து நிமிடம் பரப்பினால் எறும்பும் சிறு பூச்சிகளும் தானாக வெளியேறும்.

18. காய வெச்சா பூ கறுத்துப் போகுது. கடையில மட்டும் எப்படி மஞ்சளா இருக்கு?

ஆவாரையில் துவர்ப்புப் பொருளான டானின் அதிகம். இதழ் நசுங்கினாலோ ஈரத்தோடு குவிந்து கிடந்தாலோ காற்றுப் பட்டுக் கறுக்கும், வெட்டின வாழைக்காய் கறுப்பதைப் போல. ஆகவே பறித்த பூவை அமுக்கக் கூடாது, குவிக்கக் கூடாது, அன்றைக்கே பரப்பிவிட வேண்டும். கழுவுவது அவசியமென்றால் செடியிலேயே முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்துத் தூசியைக் கழுவிவிடுங்கள், பறித்த பூவை நனைக்காதீர்கள்.

வெள்ளைத் துணியிலோ வலைத் தட்டிலோ ஒரே அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் மூன்று முதல் ஐந்து நாள். நேர் வெயில் நிறத்தை வெளுக்க வைக்கும். சிக்கல் என்னவென்றால், பூ அதிகம் வருவதே மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில். அப்போது நிழலில் விட்டால் காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்ட நாளில் மட்டும் பறித்து, மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள். உலர்த்தும் பெட்டி இருந்தால் 40 முதல் 45 டிகிரியில் காய வையுங்கள்.

காய்ந்ததா என்று இதழைத் தொட்டுப் பார்த்தால் ஏமாறுவோம். இதழ் இரண்டாம் நாளே சலசலக்கும்; நடுவில் இருக்கும் தடித்த பகுதியில் ஈரம் ஒளிந்திருக்கும். அந்த நடுப்பகுதியை நகத்தால் வளையுங்கள். டக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது, வளைந்தால் இன்னும் ஒரு நாள். ஒரு கிலோ பூ காய்ந்தால் ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் நிற்கும்.

19. எவ்வளவு நாள் வெச்சுக்கலாம்?

காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டில், இருட்டு அலமாரி: ஒரு வருடம். பாட்டிலில் போட்ட மறுநாள் உள்பக்கம் லேசாக வியர்த்திருந்தால் உடனே கொட்டி மறுபடி காய வையுங்கள். பூஞ்சண வாடை வந்துவிட்டால் குளியல் பொடிக்குக்கூட வேண்டாம், செடிக்கே உரமாகப் போடுங்கள்.

20. தேநீர் எப்படிப் போடணும்? எனக்கு ரொம்பத் துவர்க்குது.

ஒரு குவளைக்கு, அதாவது 200 மில்லிக்கு, காய்ந்த பூ ஒரு தேக்கரண்டி அல்லது புதுப்பூ எட்டுப் பத்து. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, பூவைப் போட்டு மூடி ஐந்து நிமிடம். வெளிர் பொன்னிறத்தில் இறங்கும். துவர்ப்பு வருவது, பூவைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுவதால். 18இல் சொன்ன அதே டானின்தான். பச்சை மொட்டும் காம்பும் சேர்ந்திருந்தாலும் துவர்க்கும்.

சுக்கு, ஏலக்காய், பனங்கற்கண்டு சேர்க்கலாம். காஃபின் இல்லாததால் மாலையிலும் குடிக்கலாம். இலையையும் போடலாமா என்பார்கள். இலங்கையில் ரணவராத் தேநீருக்கு இலையையும் சேர்ப்பதுண்டு, ஆனால் துவர்ப்பும் வீரியமும் கூடும். வீட்டில் பூவோடு நின்றுகொள்ளுங்கள்.

21. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ன்னு சொல்றாங்களே. சுகர் மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிக்கலாமா?

கூடாது. பழமொழி ஆவாரையின் பெருமையைச் சொல்கிறது, மருந்துச் சீட்டு எழுதவில்லை. ஆவாரைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இருப்பதாக விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் மாத்திரையோடு சேர்த்து நிறையக் குடித்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்க வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். சித்த மருத்துவத்தில் வரும் ஆவாரைக் குடிநீர் வேறு: கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை என்று பல சரக்கு சேர்ந்த மருந்து. வீட்டுத் தேநீரை அதற்கு ஈடாக எண்ண வேண்டாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. இலங்கையில் நடந்த பழைய ஆய்வு ஒன்று, ஆவாரையிலும் கல்லீரலுக்குக் கெடுதல் செய்யக்கூடிய ஆல்கலாய்டு என்ற தாவர வேதிப்பொருள் இருப்பதாகச் சொன்னது. மற்றவர்களும் தினம் ஒரு குவளைக்கு மேல் போகாமல், நடுநடுவே சில வாரம் இடைவெளி விடுவது எங்கள் பரிந்துரை. டானின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும், அதனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள்.

22. செடி வளர்றவரைக்கும் ரோட்டோரப் பூவைப் பறிச்சுக்கலாமா?

நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம், புகையும் தூசியும் படிந்திருக்கும். வயல் வரப்பில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், பூவைப் பார்த்தால் தெரியாது. காப்புக்காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்தவரின் தரிசு நிலம்தான் சரியான இடம். 2ஆம் கேள்வியில் சொன்ன அடையாளங்களை அங்கேயும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

23. மாடியில ஒரே செடி. பூ கொட்டுது, காயே பிடிக்கல. அடுத்த வருஷத்துக்கு விதை வேணும்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டுக்கு அது கொடுப்பது மகரந்தம் மட்டும். அந்த மகரந்தமும் நுனியில் சிறு துளை மட்டும் உள்ள பைக்குள் அடைபட்டிருக்கிறது, தானாகக் கொட்டாது. தடித்த கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை விரிக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். ஊம் என்ற அந்த ரீங்காரம் பறக்கும் சத்தத்தைவிட உரக்கக் கேட்கும். அதிர்வில் மகரந்தம் துளை வழியாகத் தெறித்து வண்டின் மேல் படியும், அடுத்த பூவுக்குப் போகும். உயர்ந்த மாடிக்கு அந்த வண்டு வராவிட்டால் காய் பிடிப்பது அரிது.

வண்டு கூடு கட்டுவது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும். தோட்டத்தில் ஒரு பட்டுப்போன கிளையை வெட்டாமல் விட்டால் தங்கும். இரண்டாவது செடி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். வரும் பூவையெல்லாம் தேநீருக்குப் பறித்துவிட்டுக் காயைத் தேடுபவர்களும் உண்டு. விதை வேண்டுமென்றால் பூ அதிகமாக வரும் மாதத்தில் ஒன்றிரண்டு கிளைக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, அந்தக் கிளையில் கை வைக்காதீர்கள். காய் பழுப்பேறத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பை ஒன்றைக் கட்டிவிட்டால் உதிரும் விதையும் உள்ளேயே கிடக்கும்.